வெட்டிய காட்டின் வேர்

தோட்டத்து மண் – 14

காப்பி சரிந்த கதையோடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தோம். 1880-களில் இலங்கையிலிருந்து வந்த துரைமார்கள் சுங்கை ஊஜோங்கில், ரந்தாவ் பக்கத்து லின்சம் போன்ற இடங்களில், லைபீரியக் காப்பி நட்டார்கள். 1890-களின் பிற்பகுதியில் பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலையை வீழ்த்திவிட்டது. 1895-ல் சுங்கை ஊஜோங்கையும் சேர்த்து நெகிரி செம்பிலான் ஒரே கூட்டமைப்பானது. மறு ஆண்டே கூட்டு மலாய் மாநிலங்களில் சேர்ந்தது. அந்த 1896-ல்தான் எல்லைக்கு அப்பால் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அதன் பிறகு வந்தது ரப்பர் வெள்ளம். தரைக்கு மேலே நடந்த அந்த வரலாற்றைப் பலர் எழுதியிருக்கிறார்கள். இந்த இதழில் தரைக்குக் கீழே நடந்ததைப் பார்க்கப்போகிறோம்.

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் வரையிலும், அந்தப் பக்கம் ஜெலுபு, பகாவ் வரையிலும் தோட்டங்கள் வருவதற்கு முன் நின்றது மெராந்தி, கெருயிங், செங்கால் மரங்கள் ஓங்கிய தாழ்நிலக் காடு. இவை ஒரே குடும்பத்து மரங்கள். நம் வீட்டுத் தூபத்துக்கு வெள்ளைக் குங்கிலியம் தரும் மேற்குத் தொடர்ச்சி மலை மரமும் அதே குடும்பம்தான். இன்னொரு செய்தி இதைவிட வியப்பானது. இந்தக் குடும்பம் ஆப்பிரிக்காவில் தோன்றி, இந்திய நிலத்துக்கு வந்து, அந்த நிலம் வடக்கே நகர்ந்து ஆசியாவை நெருங்கியபோது தென்கிழக்கே பரவியது என்று தொல்மகரந்தங்களையும் மரபணுக்களையும் கொண்டு 2022-ல் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். நம்மவர்கள் கப்பலேறி வந்து கன்று நட்ட இடத்தில் முன்பு நின்ற காடும் பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து வந்ததுதான்.

இந்த மரங்களின் வேர் நுனி வெறும் வேராக இருப்பதில்லை. ஒரு பூஞ்சை அதன்மேல் உறை போட்டுக்கொண்டு, அங்கிருந்து மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத இழைகளை நாலாபுறமும் விடுகிறது. மழையில் ஊறி ஊறிச் சத்திழந்த மண்ணிலிருந்து பாஸ்பரசையும் நைட்ரஜனையும் இழைகள் கொண்டுவந்து கொடுக்க, இலையில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை மரம் பூஞ்சைக்குத் தருகிறது. இந்தக் கூட்டுறவுக்கு 1885-ல் ‘மைக்கோரைசா’ என்று பெயர் வைத்தவர் ஆல்பர்ட் பெர்னார்ட் பிராங்க் என்ற ஜெர்மன் தாவரவியலாளர். மண்ணுக்குள் விளையும் ட்ரஃபிள் காளானைப் பயிராக்க முடியுமா என்று பிரஷ்ய அரசு கேட்டது. அதற்கு விடை தேடப் போனவர் கண்டது இது. நம் நாட்டு மழைக்காட்டு மரங்களில் இதே உறவு இருப்பதை 1966-ல் ‘மலாயன் ஃபாரெஸ்டர்’ இதழில் எழுதினார் கே. ஜி. சிங்.

இந்தக் காட்டை வெட்டியபோது மண்ணுக்குள் என்ன ஆயிற்று? தோட்டத்து வரலாற்றில் நான் அதிகம் யோசித்த கேள்வி இதுதான்.

காடு வெட்டும் குத்தகையில் மலாய்க்காரர்களும் சீனர்களும் ஜாவாக்காரர்களும் இருந்தார்கள். மரத்தைச் சாய்த்து, காயவிட்டு, தீ வைப்பார்கள். சாம்பல் ஆறியதும் குழி வெட்டுவதும் கன்று நடுவதும் களை எடுப்பதும் பெரும்பாலும் தமிழ்க் கூலிகளின் கையில் வந்தன. தீ மேலே கிடந்ததைத் தின்றது. அடிக்கட்டையும் வேரும் மண்ணுக்குள் அப்படியே கிடந்தன. செங்கால் போன்ற மரத்தின் வேர் மக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஏக்கருக்கு எத்தனை கட்டை! அத்தனையையும் தோண்டி எடுக்கும் செலவுக்கு எந்தக் கம்பெனியும் எளிதில் சம்மதிக்கவில்லை.

மரத்தோடு கூட்டுச் சேர்ந்து வாழ்ந்த பூஞ்சைக்கு உயிருள்ள மரத்தின் சர்க்கரை வேண்டும். மரம் விழுந்ததும் அது பட்டினியில் அழிந்தது. செத்த மரத்தைத் தின்னும் பூஞ்சைகளுக்கோ அதுவரை காணாத விருந்து கிடைத்தது. அவை முன்பும் காட்டில் இருந்தவைதான். நூறு வகை மரங்கள் கலந்து நின்ற இடத்தில் அங்கொரு பட்ட கட்டை, இங்கொரு நோயாளி வேர் என்று அடங்கிக் கிடந்தன. இப்போது ஒரே பருவத்தில் ஆயிரக்கணக்கான கட்டைகள் இறந்து கிடந்தன. அவற்றின் இடைவெளிகளில், எதிர்த்து நிற்கத் தெரியாத பிரேசில் நாட்டு ரப்பர் இளங்கன்றுகள் வரிசை வரிசையாக நின்றன. வாழவைத்த இழைகளைக் கொன்று, தின்னும் இழைகளை வளர்த்தோம் என்பதே காடு வெட்டின் நிலத்தடி வரலாறு.

ரப்பருக்கும் ஒரு கூட்டாளிப் பூஞ்சை உண்டு. அது வேறு இனம். வேர் உயிரணுவுக்குள்ளேயே புகுந்து வாழ்வது. குடைக் காளானாக மேலே வராதது. நுண்ணோக்கியில் வைத்தால்தான் தெரியும். அதனால் தோட்டத்தில் யாரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. கண்ணால் கண்டது எதிரியைத்தான்.

1904-ல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ஹென்றி ரிட்லி அந்த எதிரிப் பூஞ்சையை முதலில் ரப்பர் மரத்தில் பதிவு செய்தார். ரப்பரைப் பயிராக்கச் சொல்லித் துரைமார்களின் பின்னால் அலைந்த அதே ரிட்லி. நோய்க்கு வெள்ளை வேர் நோய் என்று பெயர் நிலைத்தது. பூஞ்சையின் பெயர் நெடுங்காலம் ‘ஃபோமஸ் லிக்னோசஸ்’. இன்று ‘ரிஜிடோபோரஸ் மைக்ரோபோரஸ்’ என்கிறார்கள். இலங்கையில் பேராதனைத் தோட்டத்தில் இருந்த பூஞ்சையியலாளர் டாம் பெட்ச், 1911-ல் ரப்பர் நோய்களைப் பற்றி நூலே எழுதினார். அதற்கு முந்தைய 1910-ல் லண்டன் சந்தையில் ரப்பர் ஒரு ராத்தல் 12 ஷில்லிங்கைத் தாண்டியிருந்தது. அந்த விலையைக் கண்டவர்கள் கட்டை தோண்டும் வரை காத்திருப்பார்களா? இருந்த காட்டையெல்லாம் அவசர அவசரமாகத் திறந்தார்கள். நெகிரி செம்பிலானின் மேற்குப் பாதி, லிங்கி ஆற்றுப் பக்கம் முழுவதும், அந்தச் சில ஆண்டுகளில் உருமாறியது.

நோய் வந்த மரம் முதலில் ஒன்றும் காட்டாது. நிரையில் மற்ற மரங்களோடு பச்சையாகவே நிற்கும். பிறகு ஒருநாள் இலையின் பளபளப்பு மங்கும்; ஓரம் உள்ளே மடியும்; சிறு மரம் பருவம் தப்பிப் பூக்கும். இதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தால் பயனில்லை. இலை மங்குவதற்குள் கீழே வேரில் பெரும்பகுதி போயிருக்கும். ஒரு காற்று மழையில் மரம் சாய்ந்துவிடும். அடைமழைக் காலத்தில் செத்த மரத்தின் அடியில் தட்டுத் தட்டாகக் காளான் முளைக்கும். மேலே செம்மஞ்சள் நிறம், விளிம்பில் பளிச்சென்ற மஞ்சள். பார்க்க அழகாகவே இருக்கும்.

ஆகவே இலையைப் பார்க்காமல் வேரைப் பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. பார்ப்பது என்றால் மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மண்வெட்டியால் மேல் மண்ணை விலக்கிவிட்டு, மீதியைக் கையால் பறிக்க வேண்டும். மண்வெட்டி பட்டால் நல்ல வேரும் காயமாகும்; காயம் பட்ட வேர் நோய்க்கு வாசல். ஆணிவேரும் பக்கவேரும் பிரியும் கழுத்து தெரியும்வரை மண்ணை எடுத்துவிட்டு, வேரைத் துடைத்துப் பார்ப்பார்கள். நோய் இருந்தால் பட்டையின்மேல் வெள்ளை நூல்கள் ஒட்டியிருக்கும். தட்டையாக, கிளை பிரிந்து, வேரைவிட்டுப் பிரியாமல் இறுகப் பிடித்திருக்கும். வளரும் முனை வெள்ளை வெளேரென்றிருக்கும். பழைய பகுதி மஞ்சளாகிச் சிவந்திருக்கும். முனை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் அடுத்துச் சாகப்போகும் மரம் தெரியும். எதிர்ப்பக்கம் போனால், மண்ணுக்குள் எங்கோ புதைந்து கிடக்கும் காட்டு மரத்தின் பழைய வேரில் போய் முட்டும். நூல் முன்னால் ஓடும்; வேர் மரத்துக்குள் நுழைந்து அரிப்பது பின்னால் நடக்கும். இந்த இடைவெளிதான் மனிதனுக்குக் கிடைத்த அவகாசம். நூல் மட்டும் வந்திருந்தால் சுரண்டி எடுத்து மண்ணை மூடிவிடலாம். மரத்துக்குள் போயிருந்தால் வேரை வெட்டி எறிந்து வெட்டு வாயில் தார் பூச வேண்டும். ஆணிவேரே போயிருந்தால் மரத்தைப் பிடுங்க வேண்டியதுதான்.

இது வெளிக்காட்டு வேலை. பெரட்டு என்ற காலை அணிவகுப்பில் பேர் கொடுத்துவிட்டு, மண்வெட்டியும் கூடையுமாகப் போனவர்கள் ஆண்களும் பெண்களும். 1920-களின் பிற்பகுதியில் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளிக்கு நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரு மரத்தடியில் பார்த்ததை அடுத்த மரத்தடியில் பொருத்திப் பார்த்து, நோய் எந்தக் கட்டையிலிருந்து கிளம்புகிறது என்று அறிந்தவை அந்தக் கண்கள். ஆய்வு அறிக்கைகளைப் படித்தால் பூஞ்சையியலாளரின் பெயர் இருக்கும், தோட்டத்தின் பரப்பு இருக்கும், ஏக்கருக்கு ஆன செலவு இருக்கும். தோண்டியவர்கள் அந்தச் செலவுக் கணக்குக்குள் இருக்கிறார்கள். மலாயா அறிவியல் வரலாற்றில் அவர்களுக்கு ஒரு வரியாவது தர வேண்டும் என்பதற்காகவே இந்த அத்தியாயத்தை இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

வேர் பார்க்கும் முறை வருவதற்கு முன்னால் அகழி வெட்டும் முறை இருந்தது. செத்த மரத்தைச் சுற்றி ஆழமாக அகழி எடுத்தால் நூல் தாண்டாது என்பது எண்ணம். சரியான எண்ணம்தான். ஆனால் நோய் எதுவரை போயிருக்கிறது என்று தெரியாமல் வெட்டிய அகழி பல இடங்களில் நோயை வெளியே விட்டு நல்ல மண்ணைச் சுற்றி வளைத்தது. மழை பெய்தால் அகழி தூர்ந்துபோகும். மறுபடி வெட்ட வேண்டும். அக்காலத்தில் களை ஒன்றும் தலைகாட்டக் கூடாது என்று தரையை மொட்டையாக வைத்திருந்ததால், மேட்டு நிலத்தில் மேல் மண்ணே அரித்துக்கொண்டு ஓடி அகழியில் விழுந்தது.

1925-ல் சட்டம் இயற்றி ரப்பர் ஆய்வுக் கழகத்தை ஏற்படுத்தினார்கள். அங்கே நோயியலில் வேலை செய்த ஆர். பி. என். நேப்பர் 1932-ல் கழகத்தின் இதழில் எழுதிய கட்டுரைகள் இந்தக் கதையின் திருப்பம். இடம் முழுவதையும் தோண்டாதே, அகழியை நம்பாதே. மரம் மரமாகக் கழுத்தைத் திறந்து பார், நூலைக் கண்டால் அதைப் பிடித்துக்கொண்டே மூலக் கட்டைவரை போ, அதை எடுத்துவிடு என்றார். உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை அதலபாதாளத்தில் கிடந்த நேரம் அது. கூலியைக் குறைத்திருந்தார்கள், வேலையில்லாத தமிழர்களைக் கப்பல் கப்பலாக ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். செலவைச் சுருக்கும் எந்த வழியையும் தோட்டங்கள் காது கொடுத்துக் கேட்டிருக்கும் என்பது என் கணிப்பு. ஆனாலும் நேப்பரின் முறை மலிவு என்பதோடு, பூஞ்சை எப்படி வாழ்கிறது என்பதைப் புரிந்துகொண்டு பிறந்த முறை. நூலுக்குத் தானாக உயிர் வாழும் வலு இல்லை. பின்னால் ஒரு கட்டை இருந்து சோறு போட வேண்டும். கட்டையைப் பிடுங்கினால் நூல் தளர்ந்துவிடும்.

அதே 1932-ல் பழுப்பு வேர் நோய்க்குக் காரணமான இன்னொரு பூஞ்சைக்கு அறிவியல் பெயர் சூட்டினார், சிங்கப்பூர்ப் பூங்காவிலிருந்த இ. ஜே. எச். கார்னர். வெள்ளை, சிவப்பு, பழுப்பு என்று தோட்டத்தில் வேர் நோய் மூன்று. பழுப்பு வந்த வேரில் மண்ணும் கல்லும் பொருக்குப் பொருக்காக அப்பிக்கொள்ளும், கழுவினாலும் போகாது. சிவப்பு மெதுவாக நகர்வது. ஆனால் பெரிய மரத்தையும் விடாது. 1936-ல் ஏ. ஷார்ப்பிள்ஸ் எழுதிய பெருநூலில் மூன்றையும் விரிவாகக் காணலாம்.

போர்க்காலத்தை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். ஜப்பானியர் சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் சென்றவர்களைப் பற்றித் தனி அத்தியாயமே வரவிருக்கிறது. 1942 முதல் 1945 வரை பல தோட்டங்களில் பால் எடுக்க மரம் சீவ ஆளில்லை, வேர் பார்க்க யார் இருந்தார்கள்? காடு மறுபடி நிரைக்குள் வந்தது.

அமைதி திரும்பியபோது முதல் தலைமுறை ரப்பர் கிழடாகிவிட்டிருந்தது. 1950-களில் மறுநடவு தொடங்கியது. 1952-ல் அதற்கென்று தனி நிதியே ஏற்படுத்தினார்கள். இப்போது காட்டுக் கட்டைக்குப் பதில் ரப்பர் கட்டையே பூஞ்சைக்குச் சோறு போட்டது. பழைய மரத்தைச் சாகடிக்க சோடியம் ஆர்செனைட் என்ற கொடிய நஞ்சைப் பயன்படுத்தினார்கள். காற்றில் வரும் வித்து புதிதாக வெட்டிய கட்டையில் குடியேறாமலிருக்க வெட்டு வாயில் கிரியோசோட் பூசினார்கள். இந்த மருந்துகளைக் கையால் தொட்டு வேலை செய்தவர்களும் வெளிக்காட்டு ஆட்கள்தான்.

இந்தக் கட்டத்தில் வந்த ஒரு யோசனை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆய்வுக் கழகத்தில் இருந்த ஆர். ஏ. ஃபாக்ஸ், 1965-ல் வெளிவந்த கட்டுரையில் அதை விளக்கினார். மறுநடவு நிலத்தில் புல்லையும் புதரையும் விடாமல், பியூரேரியா, சென்ட்ரோசீமா, கலோபோகோனியம் ஆகிய பயறு வகைக் கொடிகளைக் கலந்து விதைத்துத் தரையை மூடிவிட வேண்டும். கொடியின் ஈர நிழலில் வெள்ளை நூல் முதலில் இன்னும் வேகமாகவே ஓடும். பார்ப்பவருக்குப் பயமாக இருக்கும். ஆனால் அந்த ஓட்டத்தில் கட்டையின் சேமிப்பு தீரும். மண்ணில் உள்ள மற்ற நுண்ணுயிர்கள் கட்டையைப் பங்கு போட்டு மக்கச் செய்யும். ரப்பர் வேர் பரவி வந்து தொடுவதற்குள் நோயின் வலு போயிருக்கும். எதிரியைப் பிடுங்காமல் ஓடவிட்டுக் களைக்க வைப்பது. கொடிகள் மண்ணுக்கு நைட்ரஜனும் தரும். மண் அரிப்பையும் தடுக்கும். மொட்டைத் தரைக் கொள்கை நெகிரி செம்பிலான் மேடுகளில் செய்த கேட்டுக்கு ஒரு பகுதியாவது பரிகாரம் அந்தக் கொடிகள்தான். கிறிஸ்மஸ் தீவிலிருந்து வந்த பாறைப் பாஸ்பேட்டைக் கொடிகளுக்குத் தூவியதும் இந்தக் காலத்துத் தோட்டக் காட்சிகளில் ஒன்று.

இதே மாநிலத்தில் வெட்டுப்படாத மண் ஒன்று மிச்சமிருந்தது. ஜெலுபு மாவட்டத்தில் சிம்பாங் பெர்த்தாங் அருகே பாசோ காப்புக் காடு. 1970 முதல் 1974 வரை மலாயாப் பல்கலைக்கழகமும் பிரிட்டிஷ், ஜப்பானிய ஆய்வாளர்களும் சேர்ந்து அங்கே அனைத்துலக உயிரியல் திட்டத்தின் ஆய்வுகளை நடத்தினார்கள். 1980-களின் நடுவில் வன ஆய்வுக் கழகம் அங்கே 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் கட்டிக் கணக்கெடுத்தது. சுமார் 3,35,000 மரங்கள். 800-க்கு மேற்பட்ட இனங்கள். அந்த வேலையை முன்னின்று நடத்தியவர்களில் என். மனோகரன், கே. எம். கொச்சும்மன் என்ற பெயர்களைப் பார்க்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. மெராந்தியின் பூவுக்கு மகரந்தம் கொண்டுபோவது எள்ளளவு இலைப்பேன் என்று எஸ். அப்பண்ணா 1981-ல் சக ஆய்வாளரோடு எழுதியதும் இந்தக் காட்டு ஆய்வின் பயன்தான்.

மண்ணுக்குள் பார்த்தவர் வன ஆய்வுக் கழகத்தின் லீ சூ சீ. எடின்பரோவின் ராய் வாட்லிங்கோடு சேர்ந்து, மழைக்குப் பின் பாசோவில் முளைக்கும் காளான்களை ஆண்டுக்கணக்கில் சேகரித்தார். மெராந்தியோடும் கெருயிங்கோடும் கூட்டுச் சேர்ந்த காளான்கள் அவை. அறிவியல் அதுவரை பெயரிடாதவை அவற்றில் ஏராளம். 1900-களில் லிங்கிப் பக்கத்தில் காட்டோடு அழிந்த மண் உலகம் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு இன்று நம்மிடம் இருக்கும் சாட்சி அந்தக் காளான்கள்.

1997-ல் கனடாவின் சுசான் சிமார்ட், பூஞ்சை இழைகள் இணைத்த இரு இன மரங்களுக்கிடையே கார்பன் போய்வருவதைக் காட்டிய பிறகு, காட்டு மரங்கள் மண்ணுக்குள் வலை பின்னிப் பேசிக்கொள்கின்றன, தாய் மரம் பிள்ளை மரத்துக்கு ஊட்டுகிறது என்று உலகெங்கும் எழுதினார்கள். அந்த ஆவலில் அளவு மீறிவிட்டது. 2023-ல் ஜஸ்டின் கார்ஸ்ட்டும் வேறு இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, சொல்லப்படும் அளவுக்குக் காடுகளில் சான்று இல்லை என்றார்கள். நம் நாட்டிலேயே சபாவில் மெராந்திக் குடும்பத்து நாற்றுகளின் இழைத் தொடர்பை அறுத்தும் விட்டும் பார்த்த ஆய்வு ஒன்று 2016-ல் வந்தது. வளர்ச்சியிலும் உயிர் பிழைப்பதிலும் வேறுபாடு தெரியவில்லை. உதவி நடக்கவே இல்லை என்று இதனால் ஆகிவிடாது. மரத்துக்கும் அதன் பூஞ்சைக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் உறுதியானது. மரத்துக்கு மரம் நடக்கும் கொடுக்கல் வாங்கல் இன்னும் வழக்கில் இருக்கிறது.

நெகிரி செம்பிலான் மண்ணில் மரத்தையும் மரத்தையும் பூஞ்சை இணைத்ததைக் கண்ணால் பார்த்து, கையால் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தொடர்ந்து போனவர்கள் வேர் பார்த்த அந்தத் தோட்டத் தொழிலாளர்கள். அவர்கள் கண்ட வலை சாவைக் கொண்டுவந்த வலை. அதற்குச் சான்று கேட்க வேண்டியதில்லை. அடுத்த மரம் சாய்ந்ததே சான்று.

இன்று பாசோவின் மூன்று பக்கமும் செம்பனை நிற்கிறது. ரப்பர் நிரைகள் பல செம்பனையாகவும், நீலாய், லாபு பக்கங்களில் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. செம்பனைக்கும் ஒரு பூஞ்சை வந்து சேர்ந்தது. 1931-ல் ஏ. தாம்சன் அதை மலாயாவில் பதிவு செய்தபோது, 25 வயதைத் தாண்டிய கிழட்டு மரங்களின் நோய் என்று யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1960-களில் பத்துப் பதினைந்து வயது மரங்களிலேயே அடித்தண்டு அழுகக் கண்டார்கள். அதிலும் தென்னந்தோப்பை வெட்டிவிட்டுச் செம்பனை வைத்த கடற்கரை நிலங்களில் அது கடுமையாக இருந்தது. மண்ணுக்குள் விட்டுப்போன தென்னங்கட்டையிலிருந்து அந்த நோய் எப்படிக் கிளம்பியது என்பதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.